மட்டக்களப்பு வாவியில் குடும்பத்தோடு துடுப்புப் போட: முதல்முறை இறங்குவோருக்கு

மட்டக்களப்பு வாவியைக் காலை ஆறரை மணிக்குக் கல்லடிப் பாலத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு, அது தட்டத்தில் ஊற்றிவைத்த தண்ணீர்போல அசையாமல் கிடப்பதாகத் தோன்றும். மதியம் கழிந்து அதே இடத்துக்கு வந்தால், சிறு அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் ஓடுவதையும், கரையோரத் தென்னைகளின் ஓலைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சீவிவிட்ட தலைமயிர்போலச் சாய்ந்து நிற்பதையும் காணலாம். கயாக், கனூ என்னும் சிறு துடுப்புப் படகுகளில் பிள்ளைகளோடு இறங்க விரும்பும் குடும்பம், துடுப்புப் பிடிக்கக் கற்பதற்கு முன்னரே, இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் அரை நாளில் பழகிவிடக்கூடிய காரியங்கள்.

வாவியின் போக்கு

கல்முனைப் பக்கத்திலிருந்து ஏறாவூருக்கு வடக்குவரை, கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவி, நகருக்கு வடக்கே பாலமீன்மடுவை அண்டிய முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலைத் தொடுகிறது. கடலோடு சேரும் வாய்கள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. வறண்ட மாதங்களில் மணல் திரண்டு மூடிக்கொள்ளும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்களும் ஊர்களும் நீரில் நிற்கத் தொடங்கினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். இலங்கைக் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது என்பதாலும், கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிலம் நீளமாக மறித்து நிற்பதாலும், கடலின் வழக்கமான அலைகள் வாவிக்குள் வந்து சேர்வதில்லை. பெரும்பகுதி ஆழமும் குறைவு. முதன்முதலாகத் துடுப்பைத் தொடுகிறவர்களுக்கு இதைவிட இணக்கமான நீர்ப்பரப்பு கிழக்கில் கிடைப்பது அரிது.

ஆயினும் இந்த நீர் முற்றிலும் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. முகத்துவாரம் வெட்டப்பட்டுத் திறந்திருக்கும் நாட்களில், வாவி நீர் முழுவதும் அந்த ஒரு வாயை நோக்கியே இழுபடும். அங்கே துடுப்பு வேகத்தைவிட நீரோட்டத்தின் வேகம் அதிகமாக இருக்கக்கூடும். ஆகவே குடும்பத்தோடு போகிறவர்கள் எந்தப் பருவத்திலும் முகத்துவாரத்தை நோக்கிப் போகாமல், அதற்கு எதிர்ப்புறமாக உள்நோக்கிப் போவதையே வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. 1913ஆம் ஆண்டு கட்டப்பட்ட வெளிச்சவீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், தரைவழியாகப் போய்க் காட்டலாம்.

திசையைக் குறிப்பதற்கு மட்டக்களப்பாரிடம் ஏற்கெனவே இரண்டு நல்ல சொற்கள் உண்டு. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள, சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கத்துக் கரை படுவான்கரை. பிள்ளைகளுக்கு வடக்கு தெற்கு என்று சொல்வதைவிட இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தால், நடு வாவியில் படகு சுற்றிவிட்டாலும் எந்தப் பக்கம் வீடு என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

கார்த்திகை தொடக்கம் தை நடுப்பகுதிவரை வாடைக்காற்றும் மாரி மழையும் கூடி நிற்கும் காலம். அப்போது நீர் கலங்கி, கட்டைகளும் ஆற்றுவாழையும் மிதந்து வரும். புதியவர்கள் இறங்க வேண்டாம். மாசி பிறந்தபின் வாவி தெளியத் தொடங்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் காலைகள் மிக அமைதியானவை. ஆனால் பிற்பகலில் இடிமழை திரளும் மாதங்களும் அவைதாம். படுவான்கரைப் பக்கம் முகில் கறுத்து ஒரு முழக்கம் கேட்டாலே கரையேறிவிட வேண்டும். கடைசி இடி முழங்கி அரை மணி நேரம் கழியும்வரை மீண்டும் இறங்கக் கூடாது. திறந்த நீரின் நடுவில் உயர்ந்து நிற்கும் பொருள் நீங்களும் உங்கள் துடுப்புமே என்பதை நினைவில் வையுங்கள்.

வைகாசி தொடக்கம் ஆவணிவரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் அந்தக் காற்று, மட்டக்களப்பை அடையும்போது காய்ந்து சூடேறியிருக்கும். வறுத்த நிலக்கடலையையும் நாங்கள் கச்சான் என்றே சொல்கிறோம். கையில் கொறிக்கும் கச்சானை எவ்வளவு வேண்டுமானாலும் படகில் ஏற்றலாம், தலைக்குமேல் வீசும் கச்சானோடு மல்லுக்கட்டக் கூடாது. எந்த மாதமாயினும் காலை ஆறரைக்குப் படகை நீரில் விட்டு ஒன்பது மணிக்குள் கரையேறுவதாகத் திட்டமிட்டால், வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரே நேரத்தில் தப்பித்துக்கொள்ளலாம்.

காற்றைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் எங்களுடைய முதற் பயணம். அது ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை. எழுவான்கரையிலிருந்து நாங்கள் புறப்பட்டபோதே மணி ஒன்பதரை. கடற்காற்று முதுகில் மெல்லத் தட்ட, படகு தானாகவே படுவான்கரையை நோக்கி வழுக்கிப் போயிற்று. இருபது நிமிடத்தில் கண்டல் மரங்களை எட்டிவிட்டோம். நானும் என் மனைவியும் எங்களைப் பெரிய வீரர்கள் என்றே நினைத்துக்கொண்டோம். திரும்பியபோதுதான் அந்த வேகம் எங்களுடையது அன்று என்பது புரிந்தது. எட்டு முறை துடுப்புப் போட்டால் நான்கு முறைக்குரிய தூரமே நகர்ந்தது. நிறுத்தி மூச்சு வாங்கினால் அதுவும் பின்னுக்குப் போயிற்று. முன்னால் இருந்த என் மகள் முதலில் பாட்டை நிறுத்தினாள், பிறகு பேச்சை நிறுத்தினாள், பிறகு அழத் தொடங்கினாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போராடியபின், வலையை நீரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் தன் தோணியிலிருந்து கயிற்றை எறிந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். கரையில் விட்டபோது அவர் கோபப்படவில்லை. “மனே, போகக்குள்ள காத்த எதிர்த்துப் போகணும், வரக்குள்ள அது உன்னக் கொண்டு வந்து உட்டிரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதை அப்படியே விதியாகக் கொள்ளுங்கள். பயணத்தின் முதற்பாதி காற்றுக்கு எதிராகவும், களைத்திருக்கும் இரண்டாம் பாதி காற்றோடும் அமைய வேண்டும். கச்சான் மாதங்களில் எழுவான்கரையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இது இயல்பாகவே அமைந்துவிடும். கடற்காற்று எழும் மாதங்களில் அதே கரையிலிருந்து நேரே குறுக்காகப் போனால் நாங்கள் பட்ட பாட்டையே நீங்களும் படுவீர்கள். ஆதலால் அந்நாட்களில் குறுக்கே வெட்டாமல், புறப்பட்ட கரையை ஒட்டியே மேலும் கீழுமாகப் போய் வாருங்கள். கையில் உள்ள நேரத்தில் மூன்றிலொரு பங்கு கழிந்ததும், எங்கே நின்றாலும், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும், படகைத் திருப்பிவிட வேண்டும். மிச்சமுள்ள இரண்டு பங்கும் திரும்பி வருவதற்கு உரியது.

எந்தப் படகு

வாடகைக்குக் கிடைப்பவற்றில் குடும்பத்துக்கு ஏற்றது, மேலே அமர்ந்து போகும் திறந்த தட்டுக் கயாக்தான். உள்ளே கால் நீட்டி இடுப்புவரை மூடிக்கொள்ளும் கயாக் வேகமானது. ஆனால் கவிழ்ந்தால் அதற்குள்ளிருந்து வெளியே வரவும், நிரம்பிய நீரை இறைக்கவும் பழக்கம் வேண்டும். திறந்த தட்டுக் கயாக்கில் விழும் நீர், அடியிலுள்ள துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். விழுந்தவரும் பக்கவாட்டில் ஏறிக்கொள்ளலாம். இருவர் அமரும் கயாக்கில் நடுவில் ஒரு சிறு இருக்கை இருந்தால் சிறு பிள்ளையை அங்கே இருத்தலாம். எடை கூடியவர் பின்னால் அமர வேண்டும். முன்பக்கம் தாழ்ந்த படகு திசையில் நில்லாமல் அலையும்.

கனூ அகலமானது, ஆழமானது. சாப்பாட்டுப் பெட்டியையும், துடுப்பைத் தொடவே மறுக்கும் பிள்ளையையும், வெயிலுக்கு அஞ்சும் அம்மம்மாவையும் அதில் ஏற்றலாம். ஆனால் அதன் பக்கங்கள் உயரமானவை என்பதால் காற்று அதைக் கயாக்கைவிட எளிதாகத் தள்ளிவிடும். காற்றில்லாத காலைக்குக் கனூவும், ஐயமான நாளுக்குக் கயாக்கும் என்பது என் கணக்கு.

படகை வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெடிப்பு இருக்கிறதா, பின்பக்கத்து வடிகால் மூடி இறுக்கமாக இருக்கிறதா, ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். குலுங்கினால் வேறு படகு கேளுங்கள். நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது கரையிலிருந்து யார் பார்த்துக்கொண்டிருப்பார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன, தேவையானால் இயந்திரப் படகு எங்கிருந்து வரும் என்பவற்றையும் கேளுங்கள். இக்கேள்விகளுக்குச் சிரித்து மழுப்புகிறவரிடம் வாடகைக்கு எடுக்காமல் திரும்பிவிடலாம்.

உயிர்காப்பு அங்கி

இதில் பேரம் இல்லை. நீந்தத் தெரிந்தவரும் அணிய வேண்டும். இடுப்பளவு நீரிலும் அணிய வேண்டும். பெரியவர்கள் அணியாமல் பிள்ளைகளை மட்டும் அணியச் சொல்வது நடக்கிற காரியம் அன்று. படகில் மடித்து வைத்த அங்கி, விழுந்தபின் கைக்கு எட்டுவதில்லை.

அங்கியின் உட்புறத்தில் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு உரியது என்று அச்சிட்டிருப்பார்கள். “வளர்ந்தாலும் பாவிக்கலாம்” என்று ஓர் அளவு பெரிதாக எடுப்பது சட்டைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. எல்லாப் பட்டிகளையும் கீழிருந்து மேலாக இறுக்கியபின், பிள்ளையை இரு கைகளையும் தூக்கச் சொல்லி, அங்கியின் தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது நாடியைத் தாண்டிக் காதுவரை ஏறினால் பெரிது. நீரில் விழுந்தால் பிள்ளை கீழே நழுவ, அங்கி மட்டும் மேலே மிதக்கும். மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே கட்டும் பட்டியுள்ள அங்கியே வேண்டும். எங்கள் மகளுக்கு மூன்று அங்கிகளை மாற்றியபின்தான் பொருந்தியது ஒன்று கிடைத்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள், இழக்கட்டும். ஒவ்வோர் அங்கியிலும் ஓர் ஊதுகுழலைக் கட்டி விடுங்கள். காற்றில் குரல் நூறு மீற்றர் தாண்டாது, விசில் சத்தம் தாண்டும்.

கூடக் கொண்டு போவதற்கு அதிகம் வேண்டாம். ஆளுக்கு ஒரு லீற்றர் குடிநீர், வாழைப்பழம், மேலே சொன்ன கச்சான், கழுத்தில் நாடா கட்டிய தொப்பி, நீண்ட கையுள்ள மெல்லிய சட்டை, நீர்புகாப் பையில் தொலைபேசி, பத்து மீற்றர் மிதக்கும் கயிறு. செருப்புக்குப் பதிலாகக் குதியை இறுக்கிப் பிடிக்கும் பாதணி அவசியம். வாவி அடியில் சேற்றுக்குள் கிடக்கும் மட்டிச் சிப்பிகள் பாதத்தைக் கத்திபோலக் கீறிவிடும். நான்கு பேருக்கு நான்கு துடுப்புகள் இருந்தாலும் ஐந்தாவதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கரையில் பத்து நிமிடம்

இருபக்கமும் அலகுள்ள கயாக் துடுப்பைத் தலைக்குமேல் வைத்து, இரு முழங்கைகளும் செங்கோணத்தில் மடியுமாறு பிடித்தால், அதுவே கைகளுக்கிடையே இருக்க வேண்டிய அகலம். அலகின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். அலகின் இரு விளிம்புகளில் நீளமானது மேலே, குட்டையானது கீழே. பிடி தளர்வாக இருக்கட்டும். முதல்நாள் கொப்புளங்களுக்குக் காரணம் தூரமன்று, இறுக்கிய விரல்கள்தாம்.

முன்னே செல்ல, அலகைக் கால்விரல்களுக்கு நேரே நீரில் முழுவதும் அமிழ்த்தி, படகை ஒட்டிப் பின்னுக்கு இழுத்து, இடுப்பை எட்டியதும் வெளியே எடுங்கள். கையால் மட்டும் இழுத்தால் பதினைந்து நிமிடத்தில் தோள் நோகும்; இடுப்புக்கு மேலுள்ள உடம்பை இலேசாகத் திருப்பி, இழுக்கும் பக்கத்துக் காலைப் படகில் ஊன்றித் தள்ளினால் ஒரு மணித்தியாலம் போகலாம். உரலில் நெல் குத்தியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; உலக்கையைக் கை மட்டும் தூக்குவதில்லை. திரும்புவதற்கு, துடுப்பை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நீரில் பெரிய அரைவட்டமாக வீசி இழுங்கள். வலப்பக்கம் வீசினால் படகு இடப்பக்கம் திரும்பும். நிறுத்துவதற்குப் பின்னிருந்து முன்னாகத் தள்ள வேண்டும். இந்த மூன்றும் போதும்.

இருவர் போகும் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளத்தை வைக்க, பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துத் தொடர்ந்து, திசையையும் கவனிக்க வேண்டும். கணவன் மனைவிக்குள் சண்டை மூளும் இடம் இதுதான். முன்னால் இருப்பவருக்குத் தான் எங்கே திருப்புகிறோம் என்ற பொறுப்பே கிடையாது என்பதை ஏறுமுன் பேசித் தீர்த்துக்கொண்டால் பாதிப் பிணக்குத் தீரும். கனூவில் ஒற்றை அலகுத் துடுப்பு. முன்னவர் ஒரு பக்கமும் பின்னவர் மறுபக்கமும் போட வேண்டும். ஆயினும் பின்னவருடைய இழுப்பு எப்போதும் படகின் மூக்கை மறுபக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய, ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் மேற்கையின் பெருவிரல் கீழ்நோக்கித் திரும்புமாறு துடுப்பைச் சுழற்றி, நீரைச் சற்று வெளியே தள்ள வேண்டும். முதல் நாளில் இது எவருக்கும் வருவதில்லை. வராதபோது பக்கத்தை மாற்றி மாற்றிப் போட்டால் போதும்.

ஏறுவதற்கு, முழங்கால் அளவு நீரில் படகை மிதக்கவிட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முதலில் இருக்கையில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கால்களை உள்ளே எடுக்க வேண்டும். நின்றபடி ஒரு காலை வைத்து ஏற முயல்வதே முதல் பத்து நிமிடத்தில் கவிழ்வதற்கான பொதுக் காரணம். பிள்ளைகளைக் கடைசியில் ஏற்றி, இறங்கும்போது முதலில் இறக்குங்கள்.

நீரில்

முதற் பயணத்துக்கு ஒரு மணித்தியாலமும், இரண்டு கிலோமீற்றருமே அதிகம். கல்லடிக் கரையை ஒட்டிப் போய், புளியந்தீவின் பக்கம் எட்டிப் பார்த்துத் திரும்புவது போதுமானது. அங்கே போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை இருபுறம் வாவியையும் இருபுறம் அகழியையும் காவலாகக் கொண்டது என்று பள்ளியில் படித்த பிள்ளைகள், அதை நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் அந்த வசனத்தின் பொருளை உணர்வார்கள். பாலங்களுக்கு அடியில் போக நேர்ந்தால் தூண்களுக்கு நடுவாக, நேராகப் போங்கள். இயந்திரப் படகு வந்தால் அதன் அலைக்குப் படகின் மூக்கைக் காட்டுங்கள், பக்கத்தைக் காட்டாதீர்கள். தெற்கே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் குறுக்கே போகும் “பாதை”யின் வழியில் ஒருபோதும் நிற்க வேண்டாம். அது உங்களுக்காக விலக முடியாது.

வாவி மீனவர்களுடைய வேலைத்தலம், நாம் விருந்தாளிகள். மிதப்புக் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் அங்கே வலை கிடக்கிறது. சுற்றிப் போங்கள், கடக்கவே வேண்டியிருந்தால் தாழ்வான நடுப்பகுதியில் துடுப்பை நீரிலிருந்து தூக்கிக்கொண்டு மெல்ல வழுக்கிக் கடந்துவிடுங்கள். வீச்சுவலைக்காரர் தோணியில் எழுந்து நின்றால், அவர் வீசி முடிக்கும்வரை இருபது மீற்றர் தள்ளி அசையாமல் இருங்கள். வலை காற்றில் விரிந்து வட்டமாக விழுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அதற்கு அவர்கள் காட்டும் அமைதி வேறெதற்கும் காட்டமாட்டார்கள்.

கண்டல் ஓரங்களில் மீன்கொத்தியும் நீர்க்காகமும் கொக்கும் தாராளம். ஆனால் கிளையைப் பிடித்துப் படகை நிறுத்தும் பழக்கம் வேண்டாம். அங்கே தில்லை மரமும் நிற்கக்கூடும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, தோலில் பட்டாலும் எரிந்து புண்ணாகும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்த வாவியில் முதலைகள் உண்டு. எந்த ஓரத்தில் அண்மையில் கண்டார்கள் என்று அன்று காலையே மீனவரிடமோ படகுக்காரரிடமோ கேளுங்கள். கேட்டபின் அந்தப் பக்கம் போகாதீர்கள். கண்டல் நிழலில் பிள்ளைகளை நீந்தவிடுவதும், கை காலை நீரில் தொங்கவிடுவதும், விடியுமுன்னரோ இருட்டும் வேளையிலோ சிறு படகில் போவதும் கூடாது. மீன்கழிவு கொட்டும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

கவிழ்ந்தால்

கவிழும் என்று எண்ணியே இறங்குங்கள். முதல் நாள், கரைக்குப் பக்கத்தில், பாதுகாப்பான இடம் என்று ஊரார் காட்டிய இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது எல்லா அறிவுரைகளையும்விடப் பயன் தரும். விழுந்ததும் முதல் வேலை தலைகளை எண்ணுவது. இரண்டாவது, படகைப் பிடித்துக்கொள்வது. படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த முயலாதீர்கள். மிதக்கும் படகைத் தேடி வருகிறவர்கள் காண்பார்கள், நீந்தும் தலையைக் காண்பது கடினம். துடுப்பு போனால் போகட்டும், ஐந்தாவது துடுப்பு அதற்காகத்தான்.

குப்புறக் கிடக்கும் திறந்த தட்டுக் கயாக்கின் நடுப்பக்கம் போய், அதன் அடிப்பாகத்துக்கு மேலாகக் கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பையோ பட்டியையோ பிடித்து, பின்னுக்குச் சாய்ந்து இழுத்தால் நிமிர்ந்துவிடும். ஏறும்போது ஒருவர் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துப் பாரம் கொடுக்க, மற்றவர் கால்களை நீர்மட்டத்தில் அடித்து, வயிறு படகின் குறுக்கே கிடக்குமாறு ஏறி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். முதலில் முழங்காலை வைத்தால் படகு மீண்டும் உங்கள்மேல் கவிழும். ஆழம் குறைந்த இடத்தில் எழுந்து நிற்க முடிந்தாலும், சேறு காலை இழுக்கலாம். அடியில் திருக்கை படுத்திருக்கலாம். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிவிடும். உதவிக்கு மூன்று முறை நீளமாக விசில் ஊதுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, அம்புலன்ஸ் சேவை 1990. இரண்டையும் பெரிய பிள்ளைக்கு மனப்பாடமாக்கி விடுங்கள்.

கரையேறியபின் எல்லாரும் நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும். நகரை அண்டிய நீரில் வடிகால் நீரும் கலக்கிறது; கீறல் புண்கள் இருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அங்கிகளை வெயிலில் அன்றி நிழலில் உலர்த்த வேண்டும்.

பாடும் மீனைக் கேட்க

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், படகில் ஏறிய ஐந்தாம் நிமிடம் “மீன் எங்கே பாடுது?” என்று கேட்பார்கள். 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், நீருக்கடியிலிருந்து மெல்லிய நரம்பொலி போலவும், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போலவும் ஓசை எழுந்ததாக எழுதி வைத்தார். அது மீனா, ஊரி என்னும் நீர்நத்தையா என்பதில் ஊராருக்குள்ளேயே இரு கட்சி உண்டு. வெயில் மாதங்களில், முழுநிலவு இரவில், காற்று முற்றிலும் அடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் கேட்கலாம் என்பது வழிவழியாக வரும் சொல்.

இதற்குச் சொந்தமாகத் துடுப்புப் போட்டுப் பிள்ளைகளோடு இரவில் போக வேண்டாம். அனுபவமுள்ள மீனவர் ஒருவருடைய தோணியில், எல்லாரும் அங்கி அணிந்து, அவர் நிறுத்தும் இடத்தில் பேச்சை நிறுத்தி இருங்கள். மரத் துடுப்பின் அலகை நீருக்குள் விட்டு, மேல்முனையைக் காதோடு பொருத்திக் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் துடுப்பில் நான் முயன்றபோது என் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டது. மரத் துடுப்பில் முதல் இரவு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் முறை, ஏறத்தாழப் பத்து நிமிடம் கழித்து, எங்கோ தொலைவில் தம்புராவின் ஒரு நரம்பை யாரோ விட்டுவிட்டு மீட்டுவதுபோல ஒரு முனகல் மரத்தின் வழியே ஏறி வந்தது. துடுப்பை மகளிடம் கொடுத்தேன். அவள் வெகுநேரம் கேட்டுவிட்டு, “அப்பா, கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள். நான் பேசியிருக்கவே இல்லை.